மணிக்கட்டுக்குச் செய்த காந்தக் கருவி தலையில் வேலை செய்தது எப்படி? ஷெஃபீல்டு 1985: ஒரு நிகழ்வு ஆய்வு

1985 மே மாத லான்செட் இதழில் இரண்டே பக்கத்தில் ஒரு குறிப்பு வெளிவந்தது. எழுதியவர்கள் ஆன்டனி பார்க்கர், ரெசா ஜலினூஸ், இயன் ஃப்ரீஸ்டன் என்ற மூவர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், ராயல் ஹாலம்ஷயர் மருத்துவமனையிலும் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்திலும் மருத்துவ இயற்பியல் துறையில் வேலை பார்த்தவர்கள். விழித்திருக்கும் ஒருவரின் உச்சந்தலைமேல் சுமார் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டையான செம்புக் காயிலை வைத்தார்கள். மின்தேக்கியில் சேர்த்து வைத்த மின்சாரத்தை ஒரே வீச்சில் அதற்குள் விட்டார்கள். மின்னோட்டம் 4000 ஆம்பியர் வரை போனது. காந்தப்புலம் 110 மைக்ரோவிநாடியில் 2 டெஸ்லாவைத் தொட்டது. சுண்டுவிரலை விலக்கும் தசை துடித்தது, அந்தத் துடிப்பின் மின்பதிவும் தெளிவாகக் கிடைத்தது. தலையில் ஒரு எலக்ட்ரோடுகூட ஒட்டவில்லை. வலியும் இல்லை.

இன்று உலகெங்கும் மனச்சோர்வுக்குச் சிகிச்சை தரும் காந்தக் கருவிகள் எல்லாம் இந்தப் பெட்டியின் வழிவந்தவை. ஆனால் இந்தப் பெட்டியைச் செய்யத் தொடங்கியபோது அவர்கள் மனதில் இருந்தது மூளை அல்ல, கை நரம்பு. அந்த முதல் நோக்கத்தில் காந்தம் மின்தூண்டலை, அதாவது எலக்ட்ரோடு வழியாக மின்சாரம் விட்டு நரம்பை எழுப்பும் பழைய முறையை, வெல்லவில்லை, இன்றுவரை வெல்லவில்லை. நினைக்காத இடத்தில் வென்றது. இந்த இரண்டுக்கும் காரணம் ஒன்றே. திசுவுக்குள் போய்விட்ட பிறகு காந்தத் தூண்டலும் மின்தூண்டல்தான். நரம்புக்குக் காந்தம் தெரியாது. மாறும் காந்தப்புலம் திசுவில் உண்டாக்கும் மின்புலம்தான் தெரியும். வித்தியாசம் எல்லாம் அந்த மின்புலம் எந்த வடிவத்தில், எந்த வழியாக வந்து சேர்கிறது என்பதில் இருக்கிறது. கீழே வரும் ஒவ்வொரு சிக்கலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும்.

அதற்கு முன் நடந்தவை

மாறும் காந்தப்புலம் கடத்தியில் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று ஃபாரடே 1831இல் காட்டினார். அதை உடலில் முயன்று பார்க்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1896இல் பாரிஸில் தார்சன்வால் பெரிய காயிலுக்குள் தலையை வைத்தபோது ஒளிப்பொறிகள் தெரிந்தன, தலை சுற்றியது. 1910இல் லண்டனில் சில்வானஸ் தாம்சனும் அதே ஒளிப்பொறிகளைப் பார்த்தார். தூண்டப்பட்டது மூளை என்று அப்போது பலர் நம்பினார்கள். பெரும்பாலும் அது விழித்திரைதான். விழித்திரைக்குத் தேவையான மின்புலம் மிகக் குறைவு. மூளையின் வெளி அடுக்கான புறணியை எழுப்ப அந்தக் காயில்களின் வேகம் போதாது.

1965இல் அமெரிக்காவில் மேயோ கிளினிக்கின் பிக்ஃபோர்டும் ஃப்ரெமிங்கும் மனிதரின் கைகால் நரம்புகளைக் காந்தத்தால் தூண்டித் தசை துடிப்பதைக் காட்டினார்கள். கண்ணால் பார்க்க முடிந்தது. மின்பதிவு எடுக்க முடியவில்லை. அவர்களுடைய காயிலில் ஓடிய மின் துடிப்பு, தட்டிய மணி ரீங்கரிப்பதுபோலப் பல சுற்று ஆடி அடங்கும் வகை. தசையின் பதில் சில மில்லிவிநாடியில் வந்துவிடும்; அந்த நேரத்தில் காயில் இன்னும் ஆடிக்கொண்டே இருந்தால் பதிவுக் கருவியில் காயிலின் இரைச்சல்தான் விழும்.

ஷெஃபீல்டுக் குழு 1970களின் நடுவிலிருந்து பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். துடிப்பு ஒருமுறை எழுந்து சட்டென்று அடங்க வேண்டும். 1982இல் போல்சன், பார்க்கர், ஃப்ரீஸ்டன் மூவரும் மணிக்கட்டின் நடுவே ஓடும் மீடியன் நரம்பைக் காந்தத்தால் தூண்டி, கட்டைவிரல் மேட்டுத் தசையின் மின்பதிவை வெளியிட்டார்கள். காந்தத் தூண்டலால் வந்த தசைப் பதிவு முதன்முதலாக அச்சேறியது அப்போதுதான்.

இதற்கிடையில் லண்டனில் வேறொரு வேலை நடந்தது. மெர்ட்டனும் மார்ட்டனும் கைத் தசையை நேரடியாக மின்சாரத்தால் தூண்டிப் பார்த்தபோது, மிகக் குறுகிய, மிக உயர்ந்த வோல்ட் அதிர்ச்சிக்குத் தோலின் தடை மளமளவென்று இறங்கிவிடுவதைக் கவனித்தார்கள். அதே உத்தியைத் தலைக்குக் கொண்டுபோனார்கள். 1980இல் நேச்சர் இதழில், அறுவை எதுவும் இல்லாமல் 2000 வோல்ட் வரையிலான ஒற்றை அதிர்ச்சியால், உடலசைவை ஆளும் இயக்கப் புறணியையும் பார்வைப் புறணியையும் தூண்டியதாக எழுதினார்கள். முதலாவதில் எதிர்ப்பக்கக் கை துடித்தது, இரண்டாவதில் ஒளிப்பொறி தெரிந்தது. தசைக்குச் செய்த கருவி தலைக்குப் போனது அங்கேயும் நடந்திருக்கிறது. ஆனால் அந்த அதிர்ச்சி வலிக்கும். நோயாளிகளிடம் அன்றாடம் பயன்படுத்த முடியாமல் போனது அதனால்தான்.

பெட்டிக்குள்ளே

காந்தத் தூண்டியின் சுற்று பார்வைக்கு எளிமையானது: மின்னேற்றும் பகுதி, மின்தேக்கி, தைரிஸ்டர் என்ற மின்னணுச் சுவிட்ச், காயில். எண்களைப் போட்டால்தான் அது எத்தனை முரட்டுப் பெட்டி என்பது புரியும்.

பின்னாளில் வழக்கமாகிவிட்ட அளவில் ஒரு கணக்கு. மின்தேக்கி 185 மைக்ரோஃபேரட், அதில் 2800 வோல்ட். தேங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 725 ஜூல். காயிலின் தூண்டம் (மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் பண்பு) 20 மைக்ரோஹென்றி என்று கொண்டால், மின்னோட்டம் உச்சிக்கு ஏற ஆகும் நேரம் சுமார் 95 மைக்ரோவிநாடி. இழப்பே இல்லையென்றால் உச்ச மின்னோட்டம் 8500 ஆம்பியர். கம்பியின் தடையும் தைரிஸ்டரின் இழப்பும் சேர்ந்து அதைக் குறைத்துவிடும். தொடக்கத்தில் மின்னோட்டம் ஏறும் வேகம் மைக்ரோவிநாடிக்கு 140 ஆம்பியர். நரம்பைத் தூண்டுவது இந்த வேகம்தான். எத்தனை டெஸ்லா என்பது விளம்பரத்தாளில் பெரிதாக இருக்கும். ஆய்வுக்கூடத்தில் கேட்க வேண்டிய கேள்வி அந்த டெஸ்லா எத்தனை மைக்ரோவிநாடியில் வந்தது என்பது. நிலைக்காந்தம் 3 டெஸ்லா இருந்தாலும், அதன்மேல் கையை அசையாமல் வைத்திருந்தால் ஒரு விரலும் துடிக்காது.

இதே மணிக்கட்டு நரம்பை மின்சாரத்தால் தூண்ட என்ன செலவு? 30 மில்லி ஆம்பியர், 0.2 மில்லிவிநாடி, சுமார் 90 வோல்ட். பெருக்கிப் பார்த்தால் அரை மில்லிஜூல் சொச்சம். காந்தப் பெட்டி அதைப்போல் பத்து லட்சம் மடங்குக்கும் மேல் ஆற்றலைக் கொட்டுகிறது. அதில் நரம்புக்குப் போய்ச் சேருவது துளியிலும் துளி. மீதி எல்லாம் காயிலிலும் சுற்றிலும் சூடாக மாறுகிறது.

இந்தச் சூடுதான் 1985 கருவியின் கையைக் கட்டிப்போட்டது. மூன்று விநாடிக்கு ஒரு துடிப்பு என்பதே அதன் வேகம். ஒருமுறை ஏறி இறங்கி நின்றுவிடும் ஒற்றைத் திசைத் துடிப்பில், தேங்கிய ஆற்றல் முழுதும் வீணாகும். 725 ஜூலை மூன்று விநாடிக்கு ஒருமுறை எரித்தால் சராசரி 240 வாட். பின்னால் வந்த இருதிசைத் துடிப்பில் தைரிஸ்டருக்கு எதிராக ஒரு டயோடு சேர்த்து, ஒரு சுற்று முடிந்ததும் மின்னோட்டத்தைத் திரும்ப மின்தேக்கிக்கே விட்டார்கள். ஆற்றலில் பெரும்பகுதி திரும்பிவிடும். விநாடிக்குப் பல துடிப்பு தரும் சிகிச்சைக் கருவிகள் பிறந்தது இந்தச் சிறு மாற்றத்தால். அவற்றிலும் காயிலில் வெப்பமானி இருக்கும். தோலைத் தொடும் பரப்பு 41 டிகிரியைத் தாண்டுமுன் கருவி நின்றுவிட வேண்டும்.

பெட்டியைக் காயிலோடு இணைக்கும் கேபிளைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். போகும் கம்பியும் வரும் கம்பியும் விலகி ஒரு வளையமாகக் கிடந்தால், ஒரு மைக்ரோஹென்றி கூடுவது ஒன்றும் அதிசயமில்லை. 20 மைக்ரோஹென்றிக் காயிலில் அது கிட்டத்தட்ட 5 சதவீதம். அந்த அளவு வோல்ட் காயிலுக்குப் போகாமல் கேபிளிலேயே விழும். அதோடு ஒவ்வொரு துடிப்பிலும் கம்பிகள் ஒன்றையொன்று உதறித் தள்ளும். நாளடைவில் முனைத் திருகு தளரும், தளர்ந்த இடம் சூடாகும், கருகும். தூண்டல் நாளுக்கு நாள் பலவீனமாகிறது என்றால் மின்தேக்கியைச் சந்தேகிக்கும் முன் இந்தத் திருகைப் பார்ப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2800 வோல்ட் ஏறிய 185 மைக்ரோஃபேரட் மின்தேக்கி ஆளைக் கொல்லும். பிளக்கைப் பிடுங்கினாலும் கொல்லும். இதில், தேங்கிய மின்னேற்றத்தை மெல்ல வடித்துவிடும் 100 கிலோஓம் வடிதடை இணைத்திருந்தால் மின்னழுத்தம் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகக் குறையவே 18.5 விநாடி ஆகும். 20 வோல்ட்டுக்குக் கீழே இறங்க ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வேண்டும். வடிதடையே அறுந்திருந்தால் மணிக்கணக்கில் மின்னேற்றம் அப்படியே கிடக்கும். அதனால் மூடியைத் திறப்பவர் முதலில் மீட்டரால் அளக்க வேண்டும், பிறகு தடை கோத்த இறக்கக் கோலால் முனைகளை இணைத்து அப்படியே விட்டுவைக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் நேரடியாக முனைகளைச் சேர்த்துப் பொறி பறக்க விடுவது, மின்தேக்கியையும் கண்ணையும் சேர்த்துப் பறிகொடுக்கும் வேலை. இணையத்தில் கிடைக்கும் படங்களை வைத்து வீட்டில் இதைக் கட்ட முயல வேண்டாம்.

மணிக்கட்டில் ஏன் தோற்றது

முதலில் மின்தூண்டலின் வழக்கமான முறையைப் பார்த்துவிடலாம். ஒப்பிட அதுதான் அளவுகோல். கட்டைவிரல் மேட்டில் தசையின் வயிற்றுப்பகுதிமேல் ஒரு எலக்ட்ரோடு, விரல் மூட்டில் இன்னொன்று, உள்ளங்கைக்குக் குறுக்கே தரை எலக்ட்ரோடு. தூண்டியின் எதிர்முனையான கேத்தோடு, மணிக்கட்டு மடிப்பை ஒட்டி, பதிவு எலக்ட்ரோடிலிருந்து 8 சென்டிமீட்டரில். நேர்முனையான ஆனோடு அதற்கு மேலே முழங்கைப் பக்கம். துடிப்பு அகலம் 0.1 அல்லது 0.2 மில்லிவிநாடி. சிறிது சிறிதாக மின்னோட்டத்தைக் கூட்டி, தசையின் பதில் இனி வளரவில்லை என்ற இடத்தில் மேலும் 20 சதவீதம் கூட்ட வேண்டும். அப்போதுதான் நரம்பில் உள்ள எல்லா இழைகளும் எழுந்தன என்று நம்பலாம். தோல் வெப்பம் 32 டிகிரிக்குக் கீழே இருந்தால் கையைச் சூடாக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும். ஒரு டிகிரி குறைந்தால் கடத்தல் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 2 மீட்டர் குறையும். குளிர்ந்த கை நோயுள்ள கையாகத் தோன்றும்.

இதிலும் தவறு நடக்கும். கேத்தோடையும் ஆனோடையும் மாற்றிப் பிடித்தால் இடைவெளி 2.5 சென்டிமீட்டர் கூடி, பதில் 0.4 முதல் 0.5 மில்லிவிநாடி தாமதமாகும். இரண்டுக்கும் நடுவே ஜெல்லோ வியர்வையோ ஒழுகிப் பாலம் போட்டால் மின்னோட்டம் தோலின் மேலேயே ஓடிவிடும். எத்தனை கூட்டினாலும் தசை அசையாது. மின்னோட்டத்தை மிகையாகக் கூட்டினால் பக்கத்தில் சுண்டுவிரல் ஓரமாக ஓடும் அல்நார் நரம்பும் எழுந்து பதிவின் வடிவம் மாறும். இவை எல்லாம் கண்ணுக்குத் தெரிந்து, கையாலேயே திருத்தக்கூடிய தவறுகள். தூண்டல் எங்கே தொடங்குகிறது என்பதில் ஐயமே இல்லை: கேத்தோடுக்கு அடியில்.

காந்தத்தில் அந்த உறுதிதான் போய்விடுகிறது.

வட்டக் காயிலின் நடு ஓட்டையை நரம்பின்மேல் நேராக வைப்பது புதிதாகப் பழகுபவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு. காந்தப்புலம் அங்கேதான் வலுவாக இருக்கும் என்ற எண்ணம். ஆனால் தூண்டப்படும் மின்புலம் காயிலைப் போலவே வட்டமாகச் சுழலும். நடுவில் அது பூச்சியம். நரம்பின் நீளத்துக்குக் குறுக்காக ஓடும் மின்புலம் நரம்பை எழுப்பாது. காயிலின் விளிம்பு நரம்பைத் தொட்டுக்கொண்டு ஓடும்படி வைக்க வேண்டும்.

அப்படி வைத்தாலும் நரம்பு எழும் இடம் விளிம்பு தொடும் இடம் ஆகாது. நீளமான நேர் நரம்பில், மின்புலம் உச்சத்தில் இருக்கும் புள்ளியில் ஒன்றும் நடப்பதில்லை. நரம்பின் நீளத்தில் மின்புலம் எங்கே மிக வேகமாகக் குறைகிறதோ அங்கேதான் இழைக்குள்ளிருந்து மின்னோட்டம் வெளியே வரும். அந்த இடமே கேத்தோடுபோல் நடந்துகொள்ளும். இதை ராத், பாஸர் இருவரும் 1990இல் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 1993இல் மக்காபி குழு, உடலிலிருந்து எடுத்த நரம்பை உப்புநீர்த் தொட்டியில் கிடத்திச் சோதித்து உறுதிசெய்தது. காயிலில் மின்னோட்டத்தைத் திருப்பிவிட்டால் எழும் இடம் எதிர்ப்பக்கம் தாவுகிறது. நரம்பு வளைந்திருந்தால் கதை வேறு: வளைவிலேயே குறைந்த பலத்தில் எழுந்துவிடுகிறது. மனிதக் கையில் நரம்பு நேராகவும் இல்லை, சுற்றியுள்ள எலும்பும் தசையும் கொழுப்பும் ஒரே கடத்துதிறனுள்ளவையும் இல்லை. ஆக, மெய்நிகர் கேத்தோடு எந்தச் சென்டிமீட்டரில் விழுந்தது என்று வெளியிலிருந்து சொல்ல வழியில்லை.

இது நோயாளிக்கு என்ன செய்யும்? முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே நாடாவால் அளந்த தூரம் 24 சென்டிமீட்டர் என்று வைப்போம். நரம்பு உண்மையில் எழுந்த இரு இடங்களுக்கும் இடையே 22 சென்டிமீட்டர்தான். நரம்பின் உண்மையான வேகம் விநாடிக்கு 46 மீட்டர், அதாவது மந்தம். நேர வித்தியாசம் 4.78 மில்லிவிநாடி வரும். 24ஐ அதால் வகுத்தால் வேகம் 50.2. முன்கையில் 50க்கு மேல் இருந்தால் சரி என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். இரண்டு சென்டிமீட்டர் பிசகு, நோயுள்ள நரம்பை நலமாக்கிவிடுகிறது. கடத்தல் வேகம் அளக்கும் வேலைக்குக் காந்தம் ஒத்துவராது என்று சொல்வதற்கு இந்த ஒரு கணக்கே போதும்.

இரண்டாவது குறை, முழு நரம்பையும் எழுப்ப முடியாமை. பல கைகளில் பெட்டியின் முழுப் பலத்தைக் கொடுத்தாலும் பதில் இன்னும் வளர்ந்துகொண்டே இருக்கும். முழுப் பலத்தில் அல்நார் நரம்பும் கூடவே எழும், பலம் கூடக் கூட எழும் இடமும் நகரும். பதிவில் தெரியும் உயரம் குறைந்திருந்தால் நரம்பிழைகள் இறந்துவிட்டனவா, தூண்டல் போதவில்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

தலையில் ஏன் வென்றது

இதே குறைகளோடு அதே பெட்டி தலைக்குப் போனபோது நிலைமை தலைகீழானது.

எலக்ட்ரோடு வழியாக மூளையைத் தூண்ட மின்னோட்டம் உச்சந்தலைத் தோலையும் மண்டையோட்டையும் கடக்க வேண்டும். எலும்பின் தடை மிக அதிகம். ஆகவே பெரும்பகுதி மின்னோட்டம் தோலிலும் தசையிலும் பக்கவாட்டில் ஓடிவிடும். கொஞ்சமே எலும்பைத் துளைக்கும். அந்தக் கொஞ்சம் புறணிக்குப் போதுமானதாக இருக்க வேண்டுமென்றால் தோலில் விழுவது பல மடங்கு இருந்தாக வேண்டும். வலி நரம்புகள் அங்கேதான் இருக்கின்றன. எலக்ட்ரோடின் ஓரத்தில் மின்னோட்டம் குவிவதால் எரிச்சல் இன்னும் கூடும்.

காந்தப்புலத்துக்கு மண்டையோடு இருப்பதே தெரியாது. தூண்டப்படும் மின்புலத்தின் அளவைத் தீர்மானிப்பது காயிலின் வடிவமும் தூரமும் மாற்றத்தின் வேகமும். எலும்பு நடுவே வந்ததால் அது குறைந்துவிடாது. காயிலிலிருந்து விலக விலக மட்டும் குறையும். எனவே தோலில் விழும் புலம் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் உள்ளே புறணியில் விழுவதைவிடச் சில மடங்குதான் அதிகம். புறணியில் தேவைப்படுவது மீட்டருக்கு ஏறத்தாழ 100 வோல்ட். அந்த அளவில் தோல் ஒரு தட்டலைத்தான் உணரும். நெற்றிப் பக்கமோ காதோரமோ நகர்த்தினால் தசை இழுத்துக்கொள்ளும், அது சிலருக்கு வேதனையாகவும் இருக்கும். முற்றிலும் வலியற்றது என்ற பேச்சு உச்சந்தலைக்கு மட்டும் பொருந்தும்.

மணிக்கட்டில் பெருங்குறையாக இருந்த இடத் துல்லியமின்மை இங்கே அவ்வளவாக உறுத்தவில்லை. உச்சியிலிருந்து கைக்கு மறுமொழி வர 20 மில்லிவிநாடி ஆகிறது. தூண்டல் ஒரு சென்டிமீட்டர் தள்ளி நடந்தாலும் நேரத்தில் பெரிய மாற்றமில்லை, ஏனென்றால் இறங்கிப்போகும் பாதை ஒன்றுதான். முழு நரம்பையும் எழுப்ப வேண்டும் என்ற நிபந்தனையும் இங்கே இல்லை. பாதை திறந்திருக்கிறதா, எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதுதான் கேள்வி.

ஒரு விஷயம் மட்டும் எல்லோரையும் யோசிக்க வைத்தது. 1987இல் லண்டனில் ஹெஸ், மில்ஸ், மரே மூவரும் ஒப்பிட்டபோது, மின் அதிர்ச்சிக்கு வந்த பதிலைவிடக் காந்தத்துக்கு வந்த பதில் ஒன்று முதல் இரண்டு மில்லிவிநாடி பிந்தி வந்தது. மின் அதிர்ச்சி, கீழிறங்கும் நரம்பிழைகளை நேரடியாக எழுப்புகிறது. காந்தம் பெரும்பாலும் புறணியின் இடைநரம்பணுக்களை எழுப்பி, அவை ஒரு சந்திப்பைத் தாண்டி இறங்கு நரம்பணுவைத் தட்டுகின்றன. தலைக்கு இணையாக மட்டுமே சுழலும் மின்புலம், மேலிருந்து கீழே செங்குத்தாகப் போகும் இழைகளைவிடப் பக்கவாட்டில் படர்ந்தவற்றை எளிதில் பிடிக்கிறது. பெட்டியின் குறையாகத் தெரிந்த இந்தத் தாமதம்தான், புறணியின் உள் இணைப்புகள் எவ்வளவு எளிதில் எழுகின்றன என்று அளக்கும் ஒரு துறையையே உண்டாக்கியது. இந்த நிகழ்வில் எங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

அளக்கும் முறை: மூக்கின் வேரிலிருந்து பின்மண்டை மேடு வரையும், ஒரு காது முன்புறத்திலிருந்து மறுகாது வரையும் நாடாவால் அளந்து, இரண்டும் நடுவில் வெட்டும் உச்சிப் புள்ளியைக் குறிக்க வேண்டும். வட்டக் காயிலின் நடுவை அங்கே வைக்கலாம்; விளிம்பு இருபுறமும் கைக்கான இயக்கப் புறணிமேல் விழும். ஒற்றைத் திசைத் துடிப்பில், மேலிருந்து பார்க்கும்போது காயிலின் மின்னோட்டம் இடஞ்சுழியாக ஓடினால் இடப்பக்க மூளை எளிதில் எழும், வலக்கை துடிக்கும். காயிலைக் கவிழ்த்தால் மறுபக்கம். பக்கம் மாறிக் காயிலை வைத்துவிட்டு நோயாளியின் வலக்கைப் பாதை பழுது என்று எழுதியவர்கள் இருக்கலாம். காயிலின் இரு முகத்திலும் குறியிட்டிருப்பது அதற்காகத்தான்.

ஓய்வு நிலையின் வாசல் அளவு என்பது, பத்து துடிப்பில் குறைந்தது ஐந்துக்கு 50 மைக்ரோவோல்ட்டுக்கு மேல் பதில் தரும் மிகக் குறைந்த பலம். விரலை முழு வலிமையில் பத்தில் ஒரு பங்கு லேசாக இறுக்கச் சொன்னாலே வாசல் இறங்கும், பதில் பெருக்கும், ஒன்று முதல் மூன்று மில்லிவிநாடி முந்தியும் வரும். ஓய்வென்று நினைத்து அளக்கும்போது நோயாளி பயத்தில் கையை இறுக்கிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும்; தசையின் ஒலியை ஸ்பீக்கரில் விட்டுக் கேட்டால் உடனே தெரிந்துவிடும்.

மொத்த நேரத்திலிருந்து முதுகுத்தண்டு முதல் தசை வரையிலான நேரத்தைக் கழித்தால் மைய நேரம் கிடைக்கும். அதற்கு எஃப் அலை முறை நம்பகமானது (எஃப் அலை என்பது, மணிக்கட்டில் தூண்டிய துடிப்பு முதுகுத்தண்டு வரை ஏறித் திரும்பித் தசைக்கு வரும் பின்பதில்): எஃப் அலை நேரத்தோடு மணிக்கட்டுத் தூண்டல் நேரத்தைக் கூட்டி, ஒன்றைக் கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். 27, 3 என்று வந்தால் விடை 14.5. தலையிலிருந்து வந்தது 20.5 என்றால் மைய நேரம் 6 மில்லிவிநாடி. கவனித்தால், இந்த வாய்ப்பாட்டில் வரும் இரண்டு எண்களும் மணிக்கட்டில் மின் எலக்ட்ரோடால் அளந்தவை. காந்தம் வென்ற இடத்திலும் கணக்கை முடித்து வைப்பது பழைய மின்தூண்டல்தான்.

பெரிய வட்டக் காயில் ஒரே நேரத்தில் அகலமான பகுதியைத் தட்டும். 1988இல் ஜப்பானில் உவெனோ குழு, எதிரெதிர்த் திசையில் மின்னோட்டம் ஓடும் இரண்டு வளையங்களை எட்டு வடிவில் இணைத்தது. இரண்டும் சேரும் நடுக்கோட்டில் மின்புலம் கூடிக் குவிகிறது. ஆழம் மட்டும் எந்தக் காயிலாலும் வசப்படவில்லை. மேற்பரப்பைவிட உள்ளே வலுவான மின்புலத்தைக் காயிலால் உண்டாக்க முடியாது; அது இயற்பியல் விதித்த எல்லை.

பதிவைக் கெடுப்பவை

2 டெஸ்லா 100 மைக்ரோவிநாடியில் எழுகிறது என்றால் விநாடிக்கு 20,000 டெஸ்லா வேகம். பதிவுக் கம்பிகள் காயிலுக்குப் பக்கத்தில் ஒரு சதுர சென்டிமீட்டர் வளையமாக வாய் பிளந்து கிடந்தால் அதில் 2 வோல்ட் பிறக்கும். நாம் தேடுவது ஒரு மில்லிவோல்ட் மறுமொழி. ஆம்ப்ளிஃபையர் உச்சியில் போய் முட்டிக்கொண்டு, மீண்டு வருவதற்குள் மறுமொழி கடந்துவிடும். தலையில் தூண்டும்போது 20 மில்லிவிநாடி அவகாசம் இருப்பதால் பெரும்பாலும் தப்பலாம். மணிக்கட்டில் 3 மில்லிவிநாடிதான். 1982 பதிவின் அருமை அங்கேதான்.

தீர்வு மலிவானது. இரு பதிவுக் கம்பிகளையும் முறுக்கிவிட வேண்டும், காயிலின் கேபிளிலிருந்து தள்ளிப் போட வேண்டும். தரை எலக்ட்ரோடு காயிலுக்கும் பதிவு இடத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும். தோலைத் தேய்த்துத் தடையை 5 கிலோஓமுக்குக் கீழே கொண்டுவர வேண்டும். இரு எலக்ட்ரோடின் தடையும் ஒன்றுக்கொன்று நெருங்கி இருப்பது அதைவிட முக்கியம். காயிலுக்கு அடியிலேயே மூளை மின்பதிவு எலக்ட்ரோடு இருந்தால் இன்னொரு ஆபத்து: மூடிய உலோக வளையத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து தோலைச் சுடும். தொடர் துடிப்பு கொடுக்கும்போது, வளையத்தை ஒரு இடத்தில் வெட்டிய எலக்ட்ரோடு வேண்டும்.

காயிலின் ‘டக்’ ஓசை சின்னதாகத் தோன்றும். மிகக் குறுகியதாக இருப்பதால் காது அதன் உரப்பை உணர்வதில்லை, ஆனால் செவிக்குக் கேடு செய்யும். தூண்டப்படுபவர், தூண்டுபவர் இருவருக்கும் காதடைப்பான் கட்டாயம். காதுக்குள் பொருத்திய காக்ளியர் கருவி, மூளைக்குள் உலோகக் கிளிப், இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள், வலிப்பு வரலாறு உள்ளவர்கள் ஆகியோரை முன்கூட்டியே கேட்டு விலக்க வேண்டும்.

தசைக்கு என்ன ஆயிற்று

தொடைமேல் காயிலை வைத்தால் தொடைத் தசை துள்ளும். தசையைக் காந்தம் தூண்டியது என்று எழுதிவிடுவார்கள். எழுந்தது தசைக்குள் கிளைவிடும் நரம்பு முனைகள். நரம்பு–தசைச் சந்திப்பை மருந்தால் அடைத்துவிட்டால் காயில் எத்தனை தட்டினாலும் தசை அசையாது.

காரணம், துடிப்பு எத்தனை நேரம் நீடித்தால் எவ்வளவு பலம் வேண்டும் என்ற லப்பீக் கணக்கில் இருக்கிறது. மிக நீண்ட துடிப்புக்குத் தேவையான பலத்தைப்போல் இரு மடங்கு கொடுத்தால் எழுப்பப் போதுமான துடிப்பு நேரத்தைக் குரோனாக்ஸி என்பார்கள். நரம்பின் குரோனாக்ஸி மில்லிவிநாடியில் பத்தில் ஒரு பங்கு அளவு. நரம்பற்றுப்போன தசைக்கு அது 10 மில்லிவிநாடி வரை போகும். அத்தகைய தசையை 0.1 மில்லிவிநாடித் துடிப்பால் எழுப்ப, நீண்ட துடிப்பில் தேவைப்படுவதைப்போல் சுமார் நூறு மடங்கு பலம் வேண்டும். துடிப்பை நீட்டலாமே என்றால், மாற்றத்தின் வேகம் குறைந்து மின்புலமே சரிந்துவிடும். மின்தூண்டிக்கு இந்தத் தொல்லையில்லை; 100 மில்லிவிநாடித் துடிப்பை நனைத்த பெரிய எலக்ட்ரோடு வழியாகத் தாராளமாகக் கொடுக்கலாம். நரம்பறுந்த தசைக்கு இயன்மருத்துவத்தில் காயில் போடுவது பயனற்ற செலவு என்று இந்தக் கணக்கை வைத்தே சொல்லலாம்.

நரம்பு உயிரோடிருந்து, ஆழத்தில் புதைந்திருக்கும் இடங்களில் மட்டும் காந்தம் கைகால் பக்கம் திரும்பி வந்தது. 1989இல் பிரான்சில் சிமிலோவ்ஸ்கி குழு, கழுத்தின் பின்புறம் காயில் வைத்து இருபக்க உதரவிதான நரம்புகளையும் ஒரே தட்டில் எழுப்பியது. கழுத்தில் எலக்ட்ரோடை அழுத்தித் தேடும் அவஸ்தை நீங்கியது. 1996இல் லண்டனில் போல்கி குழு தொடை நரம்பைக் காந்தத்தால் தட்டி, நோயாளியின் முயற்சியை நம்பாமலே தொடைத் தசையின் வலுவையும் சோர்வையும் அளந்தது. இரண்டிலும் கேட்கப்பட்டது விசை எவ்வளவு என்றுதான். நரம்பு எந்தச் சென்டிமீட்டரில் எழுந்தது என்று யாரும் கேட்கவில்லை. மணிக்கட்டில் மீடியன் நரம்பின் வேகத்தை அளக்க இன்றும் ஆய்வுக்கூடங்களில் வழக்கமாக எடுப்பது இரண்டு முனை மின் எலக்ட்ரோடைத்தான்.